நிறம் பூசாத சிறுமி

என் மனைவி சுவரில் படம் வரைகிறவள். நான் பள்ளிச் சீருடை தைக்கிறவன். வெள்ளைச் சட்டையையும் நீலக் கால்சட்டையையும் தவிர உலகத்தில் வேறு எதையும் பார்த்திராதவன் என்பது என்னைப் பற்றி அவளுடைய கட்சி. இருக்கட்டும். பார்த்ததை எடுத்துச் சொல்ல எனக்கு வாயாவது இருக்கிறது, அவளுக்கு அதுவும் கிடையாது. ஆகவே அவள் கதையை நானே சொல்கிறேன். குற்றம் குறை இருந்தால் அவள் வந்து திருத்திக்கொள்ளட்டும்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். அவளுக்கு மூத்தவள் பெரியவள். பெற்றவர்கள் இரண்டு பெண்களையும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் நானும் கேலிக்காகச் சின்னவளே என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் சட்டென்று திரும்பிய வேகத்தைப் பார்த்ததும் கேலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

அப்பாவுக்குப் பஸ் டிப்போவில் வண்டி கழுவும் வேலை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு பேருடைய ஷிஃப்டும் சாயங்காலத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்களுக்குச் சாப்பாடு போட்டு, வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு அம்மா கிளம்பிவிடுவாள். அப்பா வந்து திறக்கிறவரை பிள்ளைகள் உள்ளேதான். மூன்றாவது மாடியில் ஒரே அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் முதுகுதான் தெரியும். பூச்சுப் பூசாத சிமெண்டுச் சுவர், கீழே இறங்கும் ஒரு குழாய், அங்கங்கே ஈரம் பாய்ந்த திட்டுகள். வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை வெளியே நீட்டித் திருக வேண்டும், அப்படிச் செய்தால் அம்மாவிடம் அடி விழும்.

அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு நாடு இருந்ததாம். இது சின்னவள் எனக்குச் சொன்னது. அக்கா அவளுக்குச் சொன்ன கதை. அந்த நாட்டில் எதற்கும் சொந்த நிறம் கிடையாது. எது எதற்காக ஏங்குகிறதோ அதன் நிறம் அதற்கு வந்துவிடும். கடலைப் பார்க்காத யானை கடல் நிறம். வெயில் எட்டாத கிணறு உள்ளே முழுக்க மஞ்சள். நின்ற இடத்தில் நின்று சலித்துப்போன மரத்துக்கு ஊர் சுற்ற ஆசை, அதனால் அது அப்பா கழுவுகிற பஸ்ஸைப் போலச் சிவப்பு. சூரியனுக்கு ஒருநாளாவது நிழலில் உட்கார வேண்டும், அதனால் அது கருநீலம்.

அந்த நாட்டுக்குள் ஒரு சிறுமி வழி தவறி நுழைந்துவிடுகிறாள். அவளுக்கு எந்த நிறமும் வரவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியாது, அதுதான் காரணம். யானையைக் கேட்கிறாள், கிணற்றைக் கேட்கிறாள், ஒருவருக்கும் தெரியவில்லை. மலை உச்சியில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்கிறார்கள். சிறுமி மலையேறிப் போய்க் கதவைத் தட்டுகிறாள். மீதி நாளைக்கு என்று அக்கா நிறுத்திவிட்டாள்.

மறுநாள் அத்தை வந்தாள். அப்பாவுக்கு உடன்பிறந்தவள், கடல் தாண்டி வசதியாக இருந்தவள், பிள்ளை இல்லாதவள். பெரியவளைத் தன்னோடு வைத்துப் படிக்கவைக்கிறேன் என்று கேட்டாள். பெற்றவர்களுக்கு அது கும்பிட்ட கைக்குக் கிடைத்த வரம். பெட்டி கட்டினார்கள், புதுச் செருப்பு வாங்கினார்கள், அந்த அமளியில் கதைக்கு நேரமில்லாமலேயே பெரியவள் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அம்மா வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். உள்ளே ஒருத்தி மட்டும் இருந்தாள்.

படிப்பு சின்னவளுக்கு ஏறவில்லை. பள்ளியை முடித்ததும் போர்டு எழுதும் கடையில் சேர்ந்தாள். கடைத் தெருவில் அவளைப் போலக் கை சுத்தமாக எழுதுகிறவர் வேறு யாரும் இல்லை என்று பெயர் எடுத்தாள். நான் புதிதாகக் கடை போட்டபோது போர்டு எழுதக் கொடுக்கத்தான் அங்கே போனேன். வெள்ளையில் நீல எழுத்து போதும் என்றேன். சரி என்றாள். என்னால் சும்மா இருக்க முடியாதே, “வேற ஏதாவது நல்லா இருக்குமா, நீங்களே சொல்லுங்களேன்” என்று வாயைக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உங்க கடைக்கு என்ன ஆசை?” என்று கேட்டாள்.

கடைக்கு ஆசையா! பெண்ணுக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு, மளமளவென்று வெள்ளையில் நீலமாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் கடைக்கு என்னதான் ஆசை? அதைக் கேட்டுக்கொண்டே நாலு தடவை அந்தக் கடைப் பக்கம் போனேன். ஐந்தாவது தடவை என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

கல்யாணத்துக்குப் பிறகு போர்டுக் கடையை விட்டுவிட்டு, மழலையர் பள்ளிகளுக்குச் சுவரில் படம் வரையத் தொடங்கினாள். பச்சை மரம், சிவப்பு ஆப்பிள், மஞ்சள் சூரியன், சாம்பல் யானை. பள்ளிக்காரர்கள் மாதிரிப் படம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், இவள் அச்சுப் பிசகாமல் சுவரில் இறக்குவாள். எல்லாருக்கும் திருப்தி. இவளுக்கு மட்டும் இல்லை. தூரிகை துடைக்க ஒரு பழைய பலகை வைத்திருப்பாள். வேலை முடிந்த பிறகு மிச்சப் பெயிண்டை அதில் இழைத்து என்னென்னவோ செய்துபார்ப்பாள். ஊதாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்கு நடுவில் ரத்தச் சிவப்பு. பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். மறுநாள் அதன்மேலேயே வெள்ளையைத் தீற்றி மறைத்துவிடுவாள்.

“பலகையில இருக்கற தைரியம் செவுத்துல ஏன் வரமாட்டேங்குது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது என் சொந்தச் சரக்கு இல்ல. அக்காவோடது” என்றாள். “பாதிக் கதைய வெச்சுக்கிட்டு எப்படி வரையறது?”

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கதையே தெரிந்தது. கண்ணால் பார்த்திராத மனைவியின் அக்காமேல் எனக்குப் பொறாமை வந்ததும் அன்றைக்குத்தான். மலையேறிப் போய்க் கதவைத் தட்டிய சிறுமிக்கு என்ன ஆனது, என்ன நிறம் கிடைத்தது என்ற கேள்வியை என் மனைவி சின்ன வயதிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறாள். எனக்குச் சமைத்துப் போடுகிறாள், என் சட்டைக்குப் பொத்தான் எடுத்துக் கொடுக்கிறாள், ஆனால் அவளில் ஒரு பாதி அந்தக் கதவுக்கு முன்னாலேயே நிற்கிறது.

“போன் பண்ணிக் கேட்டுட வேண்டியதுதானே?”

“போன்ல கேக்கற விஷயமா அது?”

அவர்கள் போனில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். சாப்டியா, சாப்டேன். உடம்பு எப்படி இருக்கு, இருக்கு. அங்க மழையா, இல்ல. அப்ப வெச்சிடட்டுமா, சரி. இரண்டு ஆபீஸ்காரர்கள் பேசிக்கொள்வதுபோல இருக்கும். போனை வைத்த பிறகு இவள் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா இறந்தபோது பெரியவள் ஒரு தடவை வந்துபோனாளாம், அது எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். சாவு வீட்டில் போய்க் கதையைப் பற்றியா கேட்க முடியும்? அப்பா போனபோது அத்தை படுத்த படுக்கை, பெரியவளால் வர முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பிள்ளைகள் டாக்டர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். புது ஆஸ்பத்திரி, காத்திருக்கிற கூடத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் காலி. டாக்டரம்மாவிடம் மாதிரிப் படம் எதுவும் இல்லை. “எத வேணும்னாலும் வரைங்க. ஊசின்னதும் கூரைய பேத்துக்கிட்டு அழறாங்க, அந்தச் சத்தம் கொறைஞ்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எத வேணும்னாலும்! என் மனைவிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்த வார்த்தை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பச்சை மரம் வரைந்தாள். பக்கத்தில் சாம்பல் யானை. நான் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

“கையைக் கட்டினாத்தான் உனக்கு நீந்த வரும்போல” என்றேன். அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்பது தூரிகையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அந்த வாரம்தான் பெரியவளிடமிருந்து போன் வந்தது. வழக்கமான சாப்டியாவெல்லாம் முடிந்த பிறகு, “அத்தை போயிட்டாங்க. எனக்கு லீவு இருக்கு. அங்க வந்து நாலு நாள் இருக்கட்டுமா?” என்று கேட்டாள். சொந்தத் தங்கையிடம் விடுதியில் அறை கேட்பதுபோலக் கேட்டாள். சின்னவள் “வா” என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழுகிறாளோ என்று பக்கத்தில் போனேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் போய் வரைந்த சுவரை முழுக்க வெள்ளையடித்து அழித்தாள். எனக்கும் பள்ளி திறக்கிற பருவம் முடிந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம், ஏணி பிடிக்கப் போனேன். அந்தப் பத்து நாளும் நான் பார்த்தவள் வேறு ஒருத்தி. மாதிரிப் படத்தைப் பார்த்துக் கோடு போடுகிறவள், கோடே போடாமல் நேராக நிறத்தை அள்ளிப் பூசினாள். முதலில் வானம். ஆரஞ்சு. இலேசான மாலை ஆரஞ்சு இல்லை, டப்பாவில் இருந்தபடியே தண்ணீர் கலக்காத ஆரஞ்சு. அதில் கருநீலச் சூரியனை வைத்ததும் கூடமே ஒரு அடி பின்னால் நகர்ந்ததுபோல இருந்தது.

யானைக்கு மட்டும் மூன்று நீலம் கலக்கினாள். காதில் கரையோரத்து வெளிர் நீலம், வயிற்றில் ஆழக்கடல், முதுகில் நுரை. அதைச் சிவப்பு மரத்தின் மேலேயே சாய்த்து வரைந்தாள். போர்டுக் கடையில் நீலத்தின் மேல் சிவப்பு எழுதக் கூடாது என்பது முதலாளியின் கட்டளையாம். இரண்டும் ஒட்டி இருந்தால் எழுத்து ஆடும், படிக்கிறவனுக்குக் கண் வலிக்கும். “எழுத்து ஆடக் கூடாது. கடல் ஆடலாம்ல?” என்றாள். தள்ளி நின்று பார்த்தேன். யானையின் ஓரம் உண்மையாகவே அலைபோல மினுமினுத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் ஏணியைத் துடைத்தேன்.

ஊசி போடும் நர்ஸம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “எங்கயாவது சூரியன் கருப்பா இருக்குமா? பிள்ளைங்க பயந்துக்கும்” என்றார். ஒரு தகப்பனார், இப்படிக் கண்டபடி வரைந்தால் என் பையன் பரீட்சையில் யானை நீலம் என்று எழுதுவான், யார் ஜவாப்தாரி என்று சண்டைக்கே வந்தார். சின்னவள் முன்பெல்லாம் யாராவது முகம் சுளித்தாலே வெள்ளையை எடுத்து ஓடுகிறவள். இந்தத் தடவை, “அது கடலப் பாத்ததில்லைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். தகப்பனார் முழித்தார். அவர் பையன் சுவருக்குப் பக்கத்தில் போய், “நானும் பாத்ததில்ல” என்றான். அதற்குப் பிறகு மருந்து வாங்க வந்த பிள்ளைகள் இது எதுக்கு ஆசைப்படுது, அது எதுக்கு ஆசைப்படுது என்று கேட்டுக்கேட்டு, ஊசி போட்ட பிறகும் திரும்பி வந்து நின்றன. நர்ஸம்மாவும் மெதுவாக, “ஓரத்துல நிக்கற அந்தப் பச்சைக் கழுதைக்கு என்ன ஆசை?” என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

எல்லாம் முடிந்தது. மலையும் வந்துவிட்டது, உச்சியில் வீடும் வந்துவிட்டது. வீட்டு வாசலில் கையை ஓங்கித் தட்டப்போகிற சிறுமி மட்டும் வெறும் வெள்ளையாக நின்றாள். சுற்றிலும் நிறம், நடுவில் ஒரு சிறுமி அளவுக்கு ஓட்டை.

“அக்கா வந்து சொல்லட்டும்” என்றாள் சின்னவள். “அவ சொன்ன கலர அவ முன்னாடியே அடிக்கணும்.”

பெரியவள் வந்தாள். என் மனதில் அவளுக்கு நான் வைத்திருந்த உருவம் ஏதோ மந்திரக்காரி மாதிரி. வந்ததோ களைத்த முகமும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு சாதாரண அம்மாள். விமானத்தில் குளிரும் என்று பிஸ்கட் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள், அதை வீட்டுக்குள் வந்தும் கழற்றவில்லை. என்னைத் தம்பி என்று கூப்பிட்டாள், உட்காரச் சொன்னால்தான் உட்கார்ந்தாள், குடித்த டம்ளரை உடனே எழுந்துபோய்க் கழுவி வைத்தாள். அடுத்தவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது போலிருக்கிறது. அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

முதல் நாள் களைப்பு என்று சின்னவள் சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் பழைய வீடு இருந்த தெருவைப் பார்க்கப் போனார்கள், அங்கே இப்போது கார் நிறுத்தும் இடம். மூன்றாம் நாள் மழை என்றாள். மழை தூறக்கூட இல்லை. பயம்தான். இத்தனை காலம் காத்திருந்ததைக் கேட்டு முடித்துவிட்டால் அப்புறம் காத்திருக்க என்ன இருக்கும் என்று பயம். எனக்குப் புரிந்தது, ஆனாலும் பொறுக்கவில்லை.

“சாயங்காலம் அண்ணிக்கு ஃப்ளைட். போற வழியில ஆஸ்பத்திரி. பெட்டியோட கெளம்புங்க” என்று நாலாம் நாள் நான்தான் இருவரையும் வண்டியில் ஏற்றினேன்.

கூடத்தில் கூட்டம். பெரியவள் உள்ளே நுழைந்து சுவரைப் பார்த்தாள். பெட்டியை அப்படியே விட்டாள், அது சாய்ந்து விழுந்தது, அவள் கவனிக்கவில்லை.

“கிணறு!” என்றாள். “வெயில் பாக்காத கிணறு. இது... இது ஊர் சுத்தற மரம். அப்பா பஸ்ஸு கலரு. அடியே, யானைக்கு நுரைகூடப் போட்டிருக்கே!”

நாலு நாளாக அடக்கமாகப் பேசிய அம்மாளைக் காணோம். பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு சுவரோரமாகவே ஓடினாள். என் மனைவி பின்னாலேயே போனாள். ஒவ்வொன்றாக அக்கா அடையாளம் சொல்லச் சொல்ல இவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை. பொறாமை வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

மலை உச்சிக்கு வந்ததும் பெரியவள் நின்றாள்.

“இவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் அடிக்கல?”

“நீ சொன்னாத்தானே அடிப்பேன்.”

“நான் என்ன சொல்லணும்?”

“அவ என்ன கலர்னு. கதவத் தட்டினா, அப்புறம் என்ன ஆச்சு? நாளைக்குச் சொல்றேன்னியே அக்கா.”

பெரியவள் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். பிறகு தங்கை சிரிக்கவில்லை என்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினாள்.

“நாளைக்குச் சொல்றேன்னது நீடி. கதை சொன்னதே நீதானே.”

“நானா? நான் அப்ப எத்தினியூண்டு! நீதான் ஜன்னல்ல நின்னுக்கிட்டு, செவுத்துல இருக்கற ஈரத்தக் காட்டிக் காட்டிச் சொல்லுவே.”

“ஜன்னல் பக்கமே நான் வரமாட்டேன். கதவப் பூட்டற சத்தம் கேட்டதும் கட்டில்ல போர்வைக்குள்ள பூந்துக்குவேன். நீதான் ஜன்னல்ல ஏறி நின்னுக்கிட்டு, அக்கா அழாத, அங்க ஒரு யானை போவுதுன்னு ஆரம்பிப்பே.”

“இல்லவே இல்ல. போர்வைக்குள்ள இருந்தது நான்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

குரல் ஏறிவிட்டது. நரை விழுந்த இரண்டு பெண்கள் நடுக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் மாதிரி நீ, இல்லை நீ என்று மல்லுக்கு நிற்கிறார்கள். காத்திருந்த தாய்மார்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். யார் சொல்வது சரி என்று நான் எதை வைத்துச் சொல்ல? பூட்டிய கதவுக்குள் இரண்டே பேர் இருந்தார்கள். சாட்சி சொல்லப் பெற்றவர்களும் இல்லை, அவர்கள் இருந்தாலும் அந்த நேரத்தில் அவர்கள் வெளியேதான் இருந்தார்கள்.

பெரியவள்தான் முதலில் குரலை இறக்கினாள்.

“அத்தை வீட்ல எனக்குன்னு தனி ரூம் குடுத்தாங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா பேச ஆளு இல்ல. கண்ண மூடிக்கிட்டு அந்தக் கதைய மொதல்லேருந்து எனக்கே சொல்லிக்குவேன். கதவத் தட்டற எடம் வரைக்கும் வரும். அதுக்கு மேல வராது. எனக்குக் கதை கட்டத் தெரிஞ்சிருந்தா நானே முடிச்சிருக்க மாட்டேனா? உன்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். இந்த வயசுல இது ஒரு கேள்வியான்னு சிரிப்பியோன்னு போன்ல கேக்கல.”

சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப அதுக்கு முடிவே கெடையாதா?” என்றாள்.

நர்ஸம்மா அடுத்த பிள்ளையின் பேரைக் கூப்பிட வாயெடுத்து, எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இவ்வளவு காலமும் ஒருத்தி அக்காவிடம் முடிவு இருக்கிறது என்று இங்கே காத்திருந்தாள், ஒருத்தி தங்கையிடம் இருக்கிறது என்று அங்கே காத்திருந்தாள். நடுவில் கடல். சாப்டியா என்று கேட்டு, சாப்டேன் என்று சொல்லிப் போனை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கையைப் பார்த்தாள், ஸ்வெட்டர் கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, துணியை விரலால் இழுத்துப் பார்த்தாள். நிறம் கலக்கும் முன்பு அவள் எதையும் பார்க்கிற பார்வை அது.

எழுந்து மூலையில் இருந்த டப்பாக்களைத் திறந்தாள். ஆரஞ்சில் கொஞ்சம், கருநீலத்தில் ஒரு துளி, மஞ்சள், வெள்ளை தாராளமாக. கலக்கினாள். பெரியவளைக் கூப்பிட்டு நிற்கவைத்து, குச்சியில் எடுத்து ஸ்வெட்டர் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வெள்ளை. மறுபடி பிடித்துப் பார்த்தாள். பிறகு சுவருக்குப் போய், கதவைத் தட்டுகிற சிறுமிக்கு அந்த நிறத்தை அடித்தாள்.

கண்ணைப் பறிக்கிற அத்தனை நிறங்களுக்கு நடுவில் பிஸ்கட் நிறத்தில் ஒரு சிறுமி. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்குப் பெரிய ஏமாற்றம். “இது என்ன கலர், அழுக்காட்டம்?” என்றான். “இது எதுக்கு ஆசைப்படுது?”

“அவங்க அக்காவுக்கு” என்றாள் சின்னவள்.

பெரியவள் ஸ்வெட்டர் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. பெயிண்ட் காய்வதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டியிருந்தது. வழியெல்லாம் இரண்டு பேரும் பின்சீட்டில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் டப்பாக்களை எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுமி காய்ந்திருந்தாள். ஈரத்தில் இருக்கிற நிறம் வேறு, காய்ந்தால் வருகிற நிறம் வேறு, கொஞ்சம் இறங்கித்தான் வரும். காய்ந்த பிறகு அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரியா தப்பா என்று சொல்ல முடியும். சின்னவள் ரொம்ப நேரம் நின்று பார்த்தாள்.

“சரியா வந்திருக்கா?” என்று கேட்டாள்.

துணி விஷயத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது. “ஒரு சாயல் எறங்கிப்போச்சு” என்றேன்.

அவள் தலையாட்டினாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள். இந்தத் தடவை சாப்டியா இல்லை, உடம்பு எப்படி இல்லை.

“அக்கா, கலர் தப்பா வந்திருக்கு.”

அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது. “அதுக்கென்ன, ஸ்வெட்டர ஒரு போட்டோ எடுத்து அனுப்பறேன்.”

“போட்டோல கலர் சரியா வராது” என்றாள் சின்னவள். அவள் குரல் உடைந்தது, ஆனால் போனை வைக்கவில்லை. “நீதான் வரணும். நீ வந்து பக்கத்துல நிக்கணும்க்கா.”